அட்ஹீஷனுக்கு 'ஒட்டிழை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வயிற்று அறுவைக்குப் பிறகு அட்ஹீஷன் (உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் திசு) வராமல் தடுக்க ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி மருந்துகள் உதவுமா என்பது பற்றி நோயாளிகளுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

என் அக்காவுக்கு சிசேரியன் ஆகி மூன்று வருடம் கழித்துக் குடலடைப்பு வந்தது. அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், "குடல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா, பிரிச்சு விட்டாச்சு" என்றார். அம்மா காதில் அது "வயிறு ஒட்டிப்போச்சு" என்று விழுந்தது. அக்கா ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்த வினை என்று இன்றைக்கும் நம்புகிறார். அந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்திருந்தால் அக்காமேல் இந்தப் பழி விழுந்திருக்காது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். எத்தனை வீடுகளுக்கு இந்தச் சொல் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன். குடலையும் வயிற்றின் உட்சுவரையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வு, கத்தி பட்டாலோ துணி உரசினாலோ உலர்ந்தாலோ சிதைகிறது. அந்த இடத்தில் பைப்ரின் என்ற, ரத்தம் உறையும்போது உருவாகும் இழைப்புரதம் பிசுபிசுவென்று படிகிறது. சில நாளில் உடலே அதைக் கரைத்துவிட வேண்டும். அழற்சி, அதாவது காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை, மிகுந்தால் கரைக்கும் நொதியின் வேலை கெடுகிறது. கரையாமல் நின்ற பைப்ரின்மேல் செல்கள் ஏறி, கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து, ரத்தக்குழாய்கூட ஓடத் தொடங்கிவிடும். அக்காவின் அறுவைக் காணொளியை மருத்துவர் எனக்குக் காட்டினார். ஓரிடத்தில் நூலாம்படை மாதிரி இருந்தது. பின்னால் இருந்த குடல் அதன் வழியே தெரிந்தது. கருப்பைக்குப் பக்கத்திலோ வாழைநார் போல வெளுத்து முறுகியிருந்தது. அதை இடுக்கியால் இழுத்தபோது குடலும் கூடவே வந்தது.

அட்ஹீஷனுக்கு நம் நண்பர் ஒருவர் முந்தைய மடலில் முன்மொழிந்த 'ஒட்டுத்திசு' எளிய சொல்தான். ஆனால் 'ஒட்டு' என்றாலே நமக்கு ஒட்டுமாங்கன்றும் தோல் ஒட்டும் நினைவுக்கு வருகின்றன. அவை மனிதர் வேண்டுமென்றே வைப்பவை. இதுவோ யாரும் வேண்டாததாகத் தானே முளைப்பது. 'உள்தழும்பு' என்பதில் எனக்கும் ஆசை இருந்தது. தழும்பு ஒரு காயத்தை அது இருந்த இடத்திலேயே மூடுகிறது. தனித்தனியாக நழுவ வேண்டிய இரண்டு உறுப்புகளைக் கட்டிப்போடுவதில்லை. 'குடலொட்டு' என்றால் கருக்குழாயும் சினைப்பையும் விடுபட்டுவிடும். குழந்தையின்மைக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் அவற்றை விடமுடியாது. பள்ளி இயற்பியலில் அட்ஹீஷனுக்குச் சொல்லும் 'வேறினக் கவர்ச்சி' இரு வேறு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் குறிப்பதால் இங்கே உதவாது.

ஆகவே 'ஒட்டிழை' என்கிறேன். ஒட்டு, இழை இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. எண்ண முடியும்: இரண்டு ஒட்டிழைகள், ஐந்து ஒட்டிழைகள். 'ஒட்டுதல்' என்றால் அது முடியாது. ஒட்டிழைத் தடுப்பு, ஒட்டிழை நீக்கம், ஒட்டிழைக் குடலடைப்பு என்று கிளைத்துப் போகவும் செய்யும். சில ஒட்டிழைகள் படலமாக விரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் படலமும் பைப்ரின் இழைகளில்தான் தொடங்குகிறது. தேவைப்பட்ட இடத்தில் 'படல ஒட்டிழை' என்று அடைகொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி மருந்துக்கான சொல். 'வீக்க நிவாரணி' வேண்டவே வேண்டாம். வீக்கம் அழற்சியின் ஓர் அடையாளம் மட்டுமே. வெளியே வயிறு வீங்கவில்லையே, எனக்கு எதற்கு இந்த மருந்து என்று நோயாளி கேட்பார். 'அழற்சி எதிர்ப்பி' புழக்கத்தில் இருக்கிறது என்றாலும் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. புண் ஆறுவதற்கே ஓரளவு அழற்சி வேண்டும். அதை அடியோடு அடக்கினால் குடலை வெட்டித் தைத்த இடம் சரியாக ஆறாமல் கசியுமோ என்ற அச்சம் அறுவை மருத்துவர்களுக்கு உண்டு. ஸ்டீராய்டு என்றால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். கீட்டோரோலாக், செலிகாக்ஸிப் போன்ற ஸ்டீராய்டு அல்லாத வலிமருந்துகள் விலங்குகளில் ஒட்டிழையைக் குறைத்திருக்கின்றன. மனிதர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. அளவும் நாளும் பார்த்துத் தணிக்க வேண்டிய ஒன்றை 'எதிர்ப்பி' என்ற சொல் ஒழிக்க வேண்டியதாகக் காட்டுகிறது. 'அழற்சித் தணிப்பி' என்றால் மருந்தின் வேலையும் எல்லையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

கையேட்டின் வரி இப்போது இப்படி நிற்கிறது: "அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் உங்கள் வயிற்றுக்குள் ஒட்டிழைகள் உருவாகலாம். அவற்றைக் குறைக்க அழற்சித் தணிப்பிகள் உதவுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்."

இதை உங்கள் வீட்டில் ஒருவருக்கு, முடிந்தால் அம்மாவுக்கு, வாசித்துக் காட்டுங்கள். என்ன புரிந்தது என்று அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்.