லெஸ், ஃபியூயர்: ஆதி விதியாம்!

பழம்புலவன்: "'குறைவான' என்று சொல்ல, எண்ண முடிந்தால் ஃபியூயர் (fewer), முடியாவிட்டால் லெஸ் (less). இது ஆங்கிலத்தின் ஆதி விதி. 'லெஸ் மிஸ்டேக்ஸ்' என்று எழுதுகிறவர் மறுபடி பள்ளிக்கூடம் போகலாம்" என்று நேற்று வரிக்குதிரை தீர்ப்பு எழுதியிருக்கிறார். எந்த ஆதி? 1770இல் ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய ராபர்ட் பேக்கர் என்பவர் தன் காதுக்கு ஃபியூயர் நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். அதற்கு ஏறக்குறைய 900 ஆண்டு முன்பே, 888 வாக்கில், பழைய இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர் சொற்களுக்கு லெஸ் போட்டுவிட்டார். மன்னரையும் பள்ளிக்கு அனுப்பலாமா?

வரிக்குதிரை: அனுப்ப வேண்டியது உங்களைத்தான். அந்தப் பழைய ஆங்கில வரியில் 'சொல்' ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. 'சொற்களின் குறைவு' என்பதுபோல. இன்றைய 'லெஸ் வேர்ட்ஸ்' அது இல்லை.

பழம்புலவன்: உருபு தேய்ந்து போனது, லெஸ் அப்படியே நின்றது. 1770க்கு முன் இது விதி என்று சொன்னவர் யார்? பெயர் சொல்லுங்கள்.

திண்ணைவாசி: ஒரு சந்தேகம். கிலோமீட்டரை எண்ணலாமே, ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் ஃபியூயரா?

வரிக்குதிரை: தூரம், காலம், பணம் எல்லாம் ஒரே மொத்த அளவு. அங்கே லெஸ்தான். இதுகூடத் தெரியாமலா விவாதம்?

பழம்புலவன்: ஆதி விதிக்கு இத்தனை ஓட்டையா! பேக்கரே இவ்வளவு கறாராகச் சொல்லவில்லை. 1770, மறந்துவிடாதீர்கள்.

மழைத்துளி: தமிழிலும் 'சில சொற்கள்', 'சிறிது தண்ணீர்' என்று பிரித்துத்தானே சொல்கிறோம்? 'சில தண்ணீர்' என்றால் சிரிப்பார்கள்.

பழம்புலவன்: ஆனால் 'குறைவு' இரண்டுக்கும் பொது. பிழைகளும் குறைவு, தண்ணீரும் குறைவு. தமிழ் என் பக்கம்!

வரிக்குதிரை: தமிழ் உங்கள் பக்கமா? போன மாதம் 'வாழ்த்துக்கள்' என்று எழுதிவிட்டு நாலு நாள் சண்டை போட்டவர்தானே நீங்கள்?

பழம்புலவன்: அது இன்னும் முடியவில்லை. 'எழுத்துக்கள்' வரலாம், 'வாழ்த்துக்கள்' வரக்கூடாதா?

திண்ணைவாசி: ஐயா, ஃபியூயர்...

வரிக்குதிரை: 'வாழ்த்துகள்'. க் வராது.

பழம்புலவன்: வரும். அப்புறம், 1770க்கு முன்னால் யார் என்று கேட்டேனே, பதில் எங்கே?

வரிக்குதிரை: முதலில் ஆறாம் வேற்றுமைக்குப் பதில் சொல்லுங்கள்.

மழைத்துளி: நான் கிளம்புகிறேன்.

பழம்புலவன்: போகிறவர்கள் போகட்டும். 1770.