பைட் என்றால் எப்போதும் எட்டு பிட்டுகளா?

பழுப்புக்காகிதம்: 0 அல்லது 1 என்ற ஒரே இலக்கத்தைத் தாங்கும் பிட்டின் எட்டு மடங்கே பைட் என்றும், கணினி பிறந்த நாள் முதல் இதுதான் கணக்கு என்றும் அறிவன் நேற்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். ஐபிஎம் நிறுவனம் ஸ்ட்ரெட்ச் கணினியை வடிவமைத்தபோது, 1956இல், அதன் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கிய சொல் 'பைட்'. கைதவறிப் 'பிட்' என்று எழுதிவிடக் கூடாதே என்றுதான் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஐ'யை விட்டு 'ஒய்'யைப் போட்டார். அக்கணினியில் பைட்டின் நீளம் ஒன்று முதல் எட்டு பிட் வரை மாறக்கூடியதாக இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது இந்த 'எப்போதும்'?

அறிவன்: அருங்காட்சியகத்தைத் திறந்து காட்டியதற்கு நன்றி. ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்ததோடு எட்டு என்பது உறுதியாகிவிட்டது. ஐயமிருந்தால் ஏதேனும் ஒரு கடைக்குச் சென்று, ஆறு பிட் பைட் கொண்ட கைப்பேசி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பழுப்புக்காகிதம்: நேற்று 'கணினி பிறந்த நாள்' என்றவர் இன்று 1964க்கு இறங்கி வந்திருக்கிறார். அதுவும் நிற்காது. அதற்குப் பின் வந்த பிடிபி-10 கணினியில் பைட்டின் நீளத்தை 1 முதல் 36 பிட் வரை நிரலரே தீர்மானித்தார். 36 பிட் இடத்தில் ஏழு பிட் எழுத்துகள் ஐந்தை அடைத்து, மிஞ்சிய ஒரு பிட்டைச் சும்மா விடுவது அன்றைய வழக்கம். எட்டு என்பது ஐயத்துக்கு இடமற்றதாக இருந்திருந்தால், 1981இல் இணைய நெறிமுறையை எழுதியவர்கள் பைட்டை விட்டுவிட்டு, எட்டு பிட்டை மட்டுமே குறிக்கும் 'ஆக்டெட்' என்ற சொல்லைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

இணைப்பாளர்: பெரியவர்கள் இருவரும் பொறுத்தருள வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் என்று விற்கப்பட்ட இணைப்பை வாங்கிய எனக்கு, திரையில் 12.5 மெகாபைட்டுக்கு மேல் ஏறுவதே இல்லை. விளம்பரத்தில் பிட்டைக் குறிக்கும் சிறிய 'பி' (b), தரவிறக்கத்தில் பைட்டைக் குறிக்கும் பெரிய 'பி' (B) என்று போட்டு மக்களை ஏமாற்றுவதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

அறிவன்: கவனியுங்கள், அவர் எட்டால்தான் வகுத்திருக்கிறார்.

பழுப்புக்காகிதம்: அவர் தம் வீட்டு இணைப்பை வகுத்தார், வரலாற்றை வகுக்கவில்லை. மேலும், தொடர்பு வேகத்தைப் பிட்டில் சொல்வது நெடுங்கால மரபு என்பதால், அதை ஏமாற்று என்பதையும் நான் ஏற்க மாட்டேன்.

இணைப்பாளர்: மாதந்தோறும் பணம் கட்டுபவன் நான். மரபு எனக்குப் படம் இறக்கித் தராது.

நெய்தல்: சென்ற மாதம் என் 500 ஜிகாபைட் வன்தட்டு விண்டோஸில் 465 என்று காட்டியதைச் சொன்னபோது, 'கணக்குத் தெரியாதவர்' என்று அறிவன் எழுதியதை நான் மறக்கவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024ஆலும் பெருக்குகிறார்கள் என்பதை அன்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

அறிவன்: அன்றும் சொன்னேன், தாங்கள் படிக்கவில்லை. அந்த 500க்கும் 465க்கும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைட்டும் எட்டு பிட்தான்.

பழுப்புக்காகிதம்: மீண்டும் எட்டு! சி என்ற நிரல் மொழியின் தரநிலை பைட்டுக்கு 'குறைந்தது எட்டு பிட்' என்றுதான் சொல்கிறது. 'குறைந்தது' என்ற சொல் அறிவனின் கண்ணில் மட்டும் படுவதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சி2000 வகைச் சில்லுகளுக்குச் சி மொழியில் நிரல் எழுதினால் ஒரு பைட் பதினாறு பிட். இவை அருங்காட்சியகத்தில் இல்லை, இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

அறிவன்: மோட்டாரைச் சுழற்றும் சில்லை எல்லாம் நான் கணினி என்று சொல்லவே இல்லையே. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை 2001ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எட்டுதான் என்று அறுதியிட்டுவிட்டது.

பழுப்புக்காகிதம்: 1964 போய் இப்போது 2001 ஆகிவிட்டது. அறிவன் அடுத்து எந்த ஆண்டுக்கு இறங்குகிறார் என்று பார்ப்போம்.

நெய்தல்: வன்தட்டுக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.