மறு: வலிமருந்தால் வரும் தலைவலிக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

யாங்கூனில் எங்கள் கோயில் மருத்துவ முகாமுக்கு நான் எழுதும் துண்டறிக்கைக்காக, வலிமருந்தை அடிக்கடி போடுவதாலேயே வரும் தலைவலிக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். நேற்று ராத்திரி வரை வந்த சொற்களை எங்கள் சின்னம்மாவிடம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். இந்த நோயில் ஆறு வருஷம் கிடந்து எழுந்தவர் அவர். அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

> மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி

'medication overuse headache' என்ற ஆங்கில மூலச்சொல்லுக்கு இது நேரான பெயர்ப்புதான், ஐயா. ஆனால் சின்னம்மா கேட்டதும், "நான் எங்கே மிகையாய்ப் போட்டேன்? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அவ்வளவுதானே!" என்றார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதல்ல இங்கே கணக்கு. மாதத்தில் எத்தனை நாள் என்பதே கணக்கு. வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் என்றால் மாதத்துக்கு 15 நாள் போட்டாலே இந்தத் தலைவலி வரலாம். டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து), கோடீன், டிரமடால் (அபின் வகை வலிமருந்துகள்), காஃபீன் சேர்த்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி மாதிரி ஏதாவது இருக்கிறவர் மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போட்டு, மாதத்தில் 15 நாளாவது தலை வலித்தால் இந்த நோய்தானா என்று பார்க்க வேண்டும். 'மிகை' என்றதும் நம் ஜனங்களுக்கு ஒரே வாயில் கைநிறைய விழுங்குவதுதான் நினைவுக்கு வரும். தினம் இரண்டே இரண்டு போடுகிறவர், இது தனக்கில்லை என்று துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுவார். அவருக்காகத்தானே எழுதுகிறோம்.

> மருந்தடிமைத் தலைவலி

இது வேண்டவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒற்றைத் தலைவலியோடு அடுப்படியில் நின்று, வேலைக்கும் போய், வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே ஒரு மாத்திரை போட்டுக்கொண்ட பெண்ணை அடிமை என்று எப்படிச் சொல்வது? 1988இல் வந்த பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டிலும் வலிமருந்தை முறைகேடாகப் பயன்படுத்தினார் என்று பழிக்கும் பெயர்தான் இருந்தது. 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் கைவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் ஏன் எடுத்துச் சுமக்க வேண்டும்?

> தொடர்மருந்துத் தலைவலி

இது நானே சொன்னது. தொடர்கதை, தொடர்வண்டி போல நல்ல வினைத்தொகை என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். சின்னம்மா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார்: "அப்போ என் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடவா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்ந்து மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தினமும் கொடுக்கும் புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவையும் இந்தத் தலைவலியை உண்டாக்குவதில்லை. இந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. வெயில் தலைவலி, பசித் தலைவலி, சளித் தலைவலி என்று தினமும் சொல்கிறோமே! எதனால் வலிக்கிறதோ அது முன்னால் நிற்கிறது. 'ஆல்' உருபு மறைந்திருந்தும் யாரும் தடுமாறுவதில்லை. பர்மியத்தில் தலைவலியை 'கௌங் கைக்' என்பார்கள். தலை கடிக்கிறது என்று நேர்ப்பொருள். அதில் எது கடிக்கிறது என்று தெரியாது. தமிழில் அதைச் சொல்லிவிடலாம்.

ஆகவே என் முன்மொழிவு: வலிமருந்துத் தலைவலி. வலிமருந்தால் வந்த தலைவலி. மாத்திரை, பொடி, ஊசி எல்லாம் இதில் அடங்கும். பிரஷர் மாத்திரை அடங்காது. 'மிகை' விட்டுப்போகிறதே என்பீர்கள். அதைத் தனியாக மருந்துநாள் என்ற சொல்லில் வைக்கலாம்: வலிமருந்து ஒன்றாவது போட்ட நாள். சின்னம்மா வீட்டு அடுப்படிச் சுவரில் பௌர்ணமி குறித்த நாட்காட்டி எப்போதும் தொங்கும். அவர் நோயில் கிடந்தபோது, மாத்திரை போட்ட தேதியை எல்லாம் அதில் பென்சிலால் சுழிக்கச் சொன்னேன். மாதக் கடைசியில் எண்ணினோம்: 23 சுழிகள். அந்தத் தாளின் முன்னால் அவர் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். மூலைக்கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து கட்டித் தரும் பொட்டலம் வாங்கின நாட்களும் அதில் இருந்தன.

வலிமருந்தை நிறுத்தும்போது வரும் தலைவலிக்கும் ஒரு சொல் வேண்டும். முதல் சில நாள் தலைவலி முன்னைவிடக் கூடும், குமட்டும், தூக்கம் போகும். பெரும்பாலும் 2 முதல் 10 நாளில் அடங்கும். இது தெரியாமல்தான் பலர் மூன்றாம் நாளே மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். சாதாரண வலிமருந்தையும் டிரிப்டானையும் ஒரேயடியாக நிறுத்தலாம். கோடீன், டிரமடால் போன்றவற்றை மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 'விடுகைத் தலைவலி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சின்னம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "விட்ட வலி" என்றே சொல்கிறார். குளிர் விட்டது, காய்ச்சல் விட்டது என்பதுபோல, வலி போய்விட்டது என்று படித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்கா இந்த இழையில் இருக்கிறார். உங்களிடம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள், அக்கா? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.