ரிவர்ஸ் கேமரா வேலை செய்யவில்லை, உடனே உதவி தேவை

புதுஸ்டியரிங்:
அனைவருக்கும் வணக்கம். என் காரின் ரிவர்ஸ் கேமரா நேற்று முதல் வேலை செய்யவில்லை. ஃபியூஸ்களைப் பார்த்துவிட்டேன், எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால், கேமரா இல்லாமல் வண்டியைப் பின்னால் எடுக்கவே அச்சமாக இருக்கிறது. புதுக் கேமரா வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.

நடுஅச்சு:
வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. ரிவர்ஸ் கியர் போட்டும் திரை மாறவே இல்லையென்றால், ரிவர்ஸ் சிக்னல் ஸ்டீரியோவுக்கு, அதாவது திரை இருக்கும் பெட்டிக்கு, போய்ச் சேரவில்லை. திரை மாறி, நீலமாகவோ கருப்பாகவோ நின்றால், சிக்னல் வந்துவிட்டது, படம்தான் வரவில்லை. இவ்விரண்டில் தங்களுக்கு எது? கேமரா வண்டியோடு வந்ததா, பிறகு பொருத்தியதா? ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா?

மழைக்காலம்:
என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை தண்ணீர்தான் காரணம். லென்ஸின் உட்புறத்தில் பனிபோல ஆவி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படிந்திருந்தால் கேமராவின் ரப்பர் அடைப்பு போய்விட்டது என்று பொருள். காயவைத்தாலும் சில நாள்தான் தாங்கும்.

பழையஸ்பானர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இருப்பதில்லை. ரிவர்ஸ் விளக்கு எரிந்தால் மின்சாரம் சரியாக வருகிறது என்று பொருள். மின்சாரம் வந்தும் படம் இல்லையென்றால் கேமரா செத்துவிட்டது. மாற்றுங்கள், முடிந்தது.

புதுஸ்டியரிங்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கேமரா பிறகு பொருத்தியது, இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திரை நீலமாகிறது, விளக்கு எரிகிறது, லென்ஸில் ஆவி இல்லை. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: நேற்று டிக்கி கதவைத் திறந்து வைத்திருந்தபோது ஒரு நொடி படம் வந்து மறைந்தது.

ஒயர்முடிச்சு:
அந்த ஒரு நொடியிலேயே விடை இருக்கிறது. டிக்கி கதவின் கீல் அருகே, வண்டியின் உடலிலிருந்து கதவுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் ஒரே இடத்தில் வளைகின்றன. நாளடைவில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும், மேலுறை மட்டும் முழுதாக இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பழையஸ்பானர் ஐயா சொன்னதில் ஓர் இடைவெளி இருக்கிறது. பல கார்களில் ரிவர்ஸ் விளக்கு வண்டியின் உடலில் இருக்கும், கேமரா கதவில் இருக்கும். விளக்கிலிருந்து எடுத்த சிவப்பு ஒயர் அந்த ரப்பர் குழாயைத் தாண்டித்தான் கேமராவை அடைய வேண்டும். ஆகவே விளக்கு எரிவதை வைத்துக் கேமராவுக்கு மின்சாரம் போகிறது என்று சொல்ல முடியாது.

எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சாவியை இக்னிஷன் நிலைக்கு மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ரப்பர் குழாயை மெல்ல அசையுங்கள். படம் வந்து வந்து போனால் கோளாறு அங்கேதான். பிறகு சாவியை எடுத்துவிட்டு, குழாயைக் கழற்றி, ஒவ்வொரு ஒயரையும் விரல்களால் இலேசாக இழுத்துப் பாருங்கள். செம்பு அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பரைப் போல நீளும்.

பழையஸ்பானர்:
ஊகத்தில் பேசுவதற்குப் பதில் கேமரா முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 12 வோல்ட் காட்டினால் ஒயரில் குறையில்லை.

நடுஅச்சு:
அதுவும் எப்போதும் பொருந்தாது. மல்ட்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். காரில் போடும் 5 வாட் பல்பு ஒன்றை அந்த முனையில் இணைத்து, அது எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

மழைக்காலம்:
ஒயர்தான் காரணம் என்றால் அறுந்த இரு முனைகளையும் முறுக்கிச் சால்டர் வைத்துவிடுங்கள், ஆயுசுக்கும் போதும்.

ஒயர்முடிச்சு:
அந்த இடத்தில் சால்டர் வேண்டாம். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறிப்போய் ஒயரைக் கம்பிபோல விறைப்பாக்கிவிடும். விறைப்பான பகுதி முடியும் விளிம்பில் அது மறுபடி அறும். அதிகமாக வளையும் இடம் என்பதால் சில மாதங்களே தாங்கும்.

பழையஸ்பானர்:
நான் பல ஆண்டுகளாகச் சால்டர்தான் வைக்கிறேன், எதுவும் அறுந்ததில்லை. சரியாகச் செய்யத் தெரியாதவர்கள்தான் சால்டரைக் குறை சொல்வார்கள்.

நடுஅச்சு:
எந்த இணைப்பானாலும் அது வளையும் பகுதிக்குள் இருக்கக் கூடாது என்பதே முக்கியம். பழைய ஒயரை இருபுறமும் தள்ளி வெட்டி, நடுவில் மெல்லிய இழைகள் நிறைந்த புது ஒயரைக் கொடுத்து, இரு இணைப்புகளையும் ரப்பர் குழாய்க்கு வெளியே, ஒன்று உடலின் உள்ளும் மற்றொன்று கதவின் உள்ளுமாக வைத்துவிட்டால், கிரிம்ப் செய்தாலும் (உலோகக் குழலுக்குள் ஒயர்களை வைத்து நசுக்கி இணைப்பது) சால்டர் வைத்தாலும் நீண்ட நாள் உழைக்கும்.

பழையஸ்பானர்:
இணைப்பை வெளியே வைப்பதை நான் மறுக்கவில்லை. நான் செய்தவையும் அப்படித்தான்.

புதுஸ்டியரிங்:
குழாயை அசைத்ததும் படம் வந்தது. உள்ளே சிவப்பு ஒயர்தான். மேலுறையைக் கீறிப் பார்த்தபோது செம்பு பச்சை பூத்து, இரண்டே இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புது ஒயர் கொடுத்தாகிவிட்டது, கேமரா வருகிறது. அனைவருக்கும் நன்றி.

மழைக்காலம்:
மகிழ்ச்சி. செம்பு பச்சை பூத்திருந்தால் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரப்பரில் வெடிப்பு இருந்ததா? திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததா?

ஒயர்முடிச்சு:
அதோடு அதே குழாயில் போகும் மற்ற ஒயர்களையும் இழுத்துப் பார்த்தீர்களா? படத்தைக் கொண்டுவரும் கேபிளும் இந்த இரண்டு ஆண்டுகளும் அதே இடத்தில்தான் வளைந்துகொண்டிருந்தது.