ஊசித்தட்டான் நெஞ்சடியில் சிவப்பு மணிகள்: சிலதில் மட்டும் சப்பிப் போவது ஏன்?

கோரைக்கரை:
வணக்கமுங்க. சூலூர்க் குளம், சிங்காநல்லூர்க் குளம் ரெண்டுலயும் கோரையில உட்காருற ஊசித்தட்டான்களை மேக்ரோ லென்ஸ்ல எடுத்துட்டு வர்றேன். பெரும்பாலும் மஞ்சள் உடம்பு செரியாகிரியான் கோரமண்டலியானம், கொஞ்சம் இஷ்னூரா செனகலென்சிஸ். நெஞ்சுக்கு அடியிலயும் வயிறு தொடங்குற இடத்துலயும் கடுகை விடச் சின்னதா சிவப்பு மணிகள். ஒண்ணுல 14 எண்ணினேன். பக்கத்துத் தண்டுல இருந்ததுல ஒண்ணுகூட இல்லை. மூணாவதுல 6, அதுல 4 சப்பிப் போய்க் கருத்துக் கிடக்கு.

இது முட்டையா, பேனா? மணியே இல்லாத தட்டானுக்கு எதிர்ப்பு சக்தி இருக்குன்னு குறிச்சுக்கலாமா? தூரிகையால தட்டி விடலாமா?

நீர்ப்பூச்சி_ஈரோடு:
முட்டை இல்லைங்க. நீர்ச்சிலந்திப்பேனோட குஞ்சுக. தட்டான்ல ஒட்டுறது பெரும்பாலும் அர்ரெனூரஸ் பேரினம். வளர்ந்த பேனுக்கு எட்டுக் கால், இந்தக் குஞ்சுக்கு ஆறு.

முட்டை பொரிஞ்சதும் தண்ணியில நீந்திப் போய், கடைசிப் பருவத்துல இருக்கிற தட்டான் குஞ்சு மேல ஏறிக்கும். அங்க எதையும் உறிஞ்சாது, காத்துக்கிட்டுத்தான் இருக்கும். தட்டான் தண்டேறி முதுகு வெடிச்சு சட்டை உரிக்கிற நேரத்துல, பழைய சட்டையில இருந்து புது உடம்புக்குத் தாவணும். தோல் இறுகுறதுக்குள்ள துளை போட்டாகணும். துளை விழுந்ததும் அது விடுற சுரப்பு உள்ளே கெட்டியாகி ஒரு குழலாயிடும், ஸ்டைலோஸ்டோம்னு பேரு. அதுவழியா தட்டானோட உடல்நீரை (பூச்சியோட ரத்தம்) உறிஞ்சித்தான் உருண்டு மணியாகுது. நிறைஞ்ச பேன், தட்டான் இணை சேரவோ முட்டையிடவோ குளத்துக்குத் திரும்பும்போது கழண்டு தண்ணியில விழும். அதுக்கப்புறம் ஒட்டுண்ணி வாழ்க்கை முடிஞ்சுது. சின்னச் சின்ன ஓட்டுடலிகளை (இறால், நண்டு சாதி) பிடிச்சுத் தின்கிற வேட்டைக்காரன்.

மணி இல்லாததை "எதிர்ப்பு உள்ளது"ன்னு தயவுசெஞ்சு எழுதிடாதீங்க. இந்தத் தப்பு எல்லார் கணக்குலயும் நுழையுது. அது வளர்ந்த மூலையில பேனே இல்லாம இருந்திருக்கலாம். குஞ்சா இருந்தப்பவே காலால தேய்ச்சு, உடம்பை நெளிச்சு உதறியிருக்கலாம். வயசான தட்டானா இருந்தா, பேன் உறிஞ்சி முடிச்சு ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். அப்போ ஒட்டின இடத்துல சின்னக் கரும்புள்ளி மிஞ்சும், பத்து மடங்கு கை லென்ஸ்ல தெரியும். எதிர்ப்புக்கு நேரடிச் சாட்சி உங்க மூணாவது தட்டான்தான்.

மெலனின்:
அந்த 4 சப்பின பேனைப் பத்திச் சொல்றேன்.

குழல் உள்ளே இறங்கினதும் சில தட்டான்க அதை அந்நியப் பொருள்னு கண்டுக்கும். உடல்நீர்ல இருக்கிற ஃபீனால் ஆக்சிடேஸ் நொதி வேலை செஞ்சு மெலனின்ங்கிற கறுப்பு நிறப்பொருளை உண்டாக்கும். இரத்த அணுக்களும் சேர்ந்து குழலைச் சுத்திக் கறுப்பு உறை கட்டும். வழி அடைபட்டதும் பேன் உறிஞ்ச முடியாமச் செத்து, வெறும் கூடா ஒட்டிக்கிட்டே இருக்கும். தட்டான் அதை உதிர்க்கிறதில்லை. நமக்கு அது நல்லதாப் போச்சு, சண்டை நடந்த தடயம் உடம்புலயே இருக்கு.

ஒரே பேனை ஒரு இனம் கொல்லும், பக்கத்து இனம் தாங்கிக்கும். வட அமெரிக்காவுல அர்ரெனூரஸ் பிளானஸ் பேனை சிம்பெட்ரம் இன்டெர்னம் தட்டான் பெரும்பாலும் கொன்னுடுது; அதே குளத்துல வாழுற நெருங்கிய உறவான சிம்பெட்ரம் ஆப்ட்ரூசம்ல அதே பேன் நல்லாக் கொழுக்குது. அதனால செரியாகிரியானையும் இஷ்னூராவையும் ஒரே பட்டியல்ல சேர்த்துச் சராசரி போடாதீங்க.

எல்லாத் தட்டானும் இப்படிச் செய்யாததுக்குக் காரணம் செலவு. உறைக்கு வேண்டிய மூலப்பொருள் புரதத்துல இருந்து வருது. புதுத் தோல் இறுகிக் கறுக்கிறதுக்கும் அதே வகைப் பொருள்தான் வேணும், அதுவும் அதே நாள்கள்ல. தண்ணிக்குள்ள அரை வயிறா வளர்ந்த குஞ்சு, தட்டானா வெளிய வரும்போது நொதி குறைச்சலா வரும். உதறுறதுக்கும் விலை இருக்கு: நெளிஞ்சு நெளிஞ்சு அசையுற குஞ்சு மீன் கண்ணுல சீக்கிரம் படும். ஜிலேபி மீன் நிறைஞ்ச நம்ம குளங்கள்ல இதை மறக்கக்கூடாது.

வாய்க்கால்மேடு:
ரெண்டு பேர் சொன்னதுக்கும் ஒண்ணு சேர்க்கணும்: சூடு. கனடாவுல லெஸ்டஸ் ஃபார்சிபேட்டஸ் ஊசித்தட்டான்ல, பருவத்துல பிந்தி, சூடு ஏறினப்புறம் வெளிவந்ததுக முந்தி வந்ததுகளை விட அதிகமா பேனைக் கொன்னுச்சு. குளிர்ல நொதி மெதுவா ஓடும், உறை கட்டுறதுக்குள்ள பேன் வயித்தை நிரப்பிக்கும். அதனால நொய்யல்ல தண்ணி வந்து குளம் நிறைஞ்ச மாசத்தையும், மார்கழிக் குளிரையும், பங்குனி வெயிலையும் ஒரே கணக்குல கொட்டக்கூடாது. தேதியோட நிழல்ல எடுத்த வெப்பநிலையும் எழுதுங்க.

தூரிகையால தட்டுறது வேண்டாங்க. வாயுறுப்பு தோலுக்குள்ள பதிஞ்சிருக்கு. இழுத்தா தோல் கிழிஞ்சு உடல்நீர் கசியும். கிழிசல்ல போற நீர், பேன் குடிக்கிறதை விட அதிகமாயிடலாம்.

எண்ணுறதுக்கு: நாலு இறக்கையையும் முதுகுக்கு மேல சேர்த்து, ரெண்டு விரல் நுனியால பிடிங்க. வயித்தைப் பிடிச்சா ஒடிஞ்சு போகும். இறக்கை இன்னும் கண்ணாடி மாதிரி மினுங்கினா அது அன்னிக்கு வெளிவந்த தட்டான், தொடவே தொடாதீங்க. கசங்கின இறக்கை திரும்ப நேராகாது. நெஞ்சடி, வயிறு, இறக்கை நரம்புன்னு இடம் பிரிச்சு எண்ணுங்க. இறக்கை நரம்புல மட்டும் வரிசையா ஒட்டுற அர்ரெனூரஸ் பாப்பில்லேட்டர் மாதிரி இனங்களும் உண்டு, அதனால இறக்கையைப் பாக்காம விட்டா கணக்கு தப்பும். ஒவ்வொரு இடத்துக்கும் மூணு கட்டம் போடுங்க: உருண்டது, சப்பினது, வெறும் வடு. இப்பத்தான் ஒட்டின பேனும் சின்னதா, தட்டையாத்தான் இருக்கும். அதைச் செத்ததுன்னு எழுதிடுவோம். இறக்கை மினுங்குற தட்டான்ல இருக்கிறதைச் சப்பினது பட்டியல்ல சேர்க்காதீங்க.

கோரைக்கரை:
ரொம்ப நன்றிங்க. சப்பினது நிஜமாவே உறை கட்டித்தான் செத்துச்சான்னு உறுதி பண்ண வழி இருக்கா?

மெலனின்:
இருக்குங்க. செத்துக் கிடைக்கிற தட்டானே போதும். 70 சத ஆல்கஹால்ல போடுங்க. நிறம் வெளுத்துடும், அதனால முன்னாடியே படம் எடுத்துக்குங்க. பேன் ஒட்டின இடத்துத் தோலைச் சின்னச் சதுரமா வெட்டி, உட்பக்கம் மேலாப் பாக்கிற மாதிரி கண்ணாடித் தகட்டுல ஒரு சொட்டு கிளிசரின்ல வைங்க. 40 மடங்குல, உறை கட்டியிருந்தா குழல் இருக்கிற இடம் கரிக்கட்டி மாதிரி தெரியும்; கட்டாத குழல் வெளிறிப்போய்க் கண்ணாடிக் குச்சியாட்டம் இருக்கும். குழல் வெளிறியிருந்து பேன் மட்டும் சப்பியிருந்தா அதை எதிர்ப்புல சேர்க்காதீங்க, அது வேற காரணத்துல செத்தது.

பேன் இனத்தைக் கண்டுபிடிக்கணும்னா அதை ஆல்கஹால்ல போடாதீங்க, விறைச்சுப் போகும். கிளிசரின் 5 பங்கு, தண்ணி 4 பங்கு, கெட்டி அசெட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கோனிகே கரைசல்ல போட்டா விறைக்காம மென்மையா இருக்கும். அமிலத்தைக் கடைசியா, கண்ணாடிப் பாத்திரத்துல ஊத்துங்க.