"அவன் ஏன் அப்படி இருக்கிறான்?" என்று பிள்ளைகள் கேட்டால்

சாட்ஸ்வொர்த், கிரேடு ஆர் டீச்சர்:

இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய எங்கள் கிரேடு ஆர் வகுப்பில் இப்போது தமிழ்ப் பிள்ளைகளும் ஜூலு என்ற கறுப்பினப் பிள்ளைகளும் கலந்து படிக்கிறார்கள். இந்த வருஷம் சேர்ந்த ஒரு ஜூலுப் பையனுக்கு அல்பினிசம். அப்பா, அம்மா நல்ல கறுப்பு. இவனுக்கு வெளுத்த தோல், வைக்கோல் நிற முடி. முதல் நாளே ஒரு வாண்டு உரக்கக் கேட்டாள்: "டீச்சர், இவன் வெள்ளைக்காரனா? அப்ப இவனோட கோகோ மட்டும் ஏன் கறுப்பா இருக்காங்க?" (கோகோ, ஜூலுக்காரர் வீட்டுப் பாட்டி.)

உதவிக்கு இருந்தவர் அவள் வாயைப் பொத்தப் போனார். நான் விடவில்லை. என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பையனின் அம்மாவிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். "நம்ம தோலுக்கு நிறம் கொடுக்கிறது மெலனின். இவன் உடம்பில் அது ரொம்பக் குறைவு. பிறக்கும்போதே அப்படி. தொட்டால் ஒட்டாது." அவ்வளவுதான். அடுத்த கேள்வி, எப்போ சாப்பாடு என்பது.

நிறத்தைவிடப் பார்வைதான் அவனுக்குச் சிரமம். கருவிழி தானாக அசைந்துகொண்டே இருக்கும். தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பான். கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. 'முறைக்கிறான்' என்று புகார் வந்தது. காரணத்தைச் சொல்லி, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி முன் வரிசையில் உட்காரவைத்தேன். இப்போது படப் புத்தகத்தை அவன் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டுகிறார்கள், சில சமயம் மூக்கிலேயே இடிக்கிறார்கள்.

ஜூன் 13 அல்பினிசம் விழிப்புணர்வு நாள். அன்று அவனை மேடையேற்றலாமே என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு அல்பினிசம் உண்டு. நம் பிள்ளைகள் இவர்களை எங்கேயும் பார்ப்பார்கள், காட்சிப் பொருளாக்க என்ன இருக்கிறது?

பெற்றோர்தான் கஷ்டம். "ஒட்டிக்குமா?" என்று பள்ளிக் கேட்டுக்கு வெளியே நின்று இன்னும் கேட்கிறார்கள்.

ஃபீனிக்ஸ், ஒரு தாத்தா:

டீச்சரம்மா சொல்வது சரி. என் பேரனுக்குப் பிளவு உதடு, கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. மேலுதட்டில் தழும்பு உண்டு, பேச்சு கொஞ்சம் மூக்கால் வரும். கோயிலில் கூழ் வாங்க வரிசையில் நிற்கும்போது ஒரு ஆன்ட்டி மருமகளிடம், "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியாம்மா?" என்றார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. கிரகணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கரு உருவாகும் முதல் மாதங்களில் உதடு சேராமல் போவது அது. பேரனுக்கு ஒரே பதில் பழக்கியிருக்கிறோம்: "பிறக்கும்போது உதடு சேரலை, டாக்டர் தைச்சாங்க. வா, பந்து விளையாடலாம்." பிள்ளைகள் பந்தைத்தான் பார்க்கிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு அம்மா:

டீச்சர், விளையாட்டு பீரியடில் வெயிலுக்கு என்ன செய்கிறீர்கள்? என் மகள் வகுப்பிலும் அல்பினிசம் உள்ள ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளை மட்டும் உள்ளே உட்காரவைத்துவிடுகிறார்கள்.

சாட்ஸ்வொர்த், கிரேடு ஆர் டீச்சர்:

அப்படி உட்காரவைக்க விடாதீங்க அக்கா. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். உச்சி வெயில் பீரியடைக் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அவளுக்கு மட்டும் தொப்பி என்றால் கேலி வரும். நாங்கள் எல்லாருக்குமே தொப்பி என்று வைத்துவிட்டோம். உள்ளே பெயர் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகும் நேரத்தில் யார் தொப்பி யாருடையது என்று அடிதடிதான்.