கலப்புச் செல்லில் புற்றுத்தன்மை அடங்குவது எப்படி?

கேள்வி: முதுகலை மாணவி, பாம்பன்

புற்றுச் செல்லை இயல்பான செல்லோடு இணைத்துப் பெற்ற கலப்புச் செல்லைச் சுண்டெலியின் உடலில் செலுத்தினால் கட்டி வளர்வதில்லை என்று படித்தேன். அதே செல் வளர்ப்புத் தட்டில் ஓயாமல் பெருகுகிறதாம். பெருகும் செல்லை அடங்கிய செல் என்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை வகுப்பில் இதைப் பற்றி நான் பேச வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், இராமநாதபுரம்

பெருகுவது வேறு, புற்றாவது வேறு, அம்மா. புற்றுத்தன்மை ஓங்கு பண்பு, அதாவது கலப்பில் இயல்பான செல்லின் பண்பை மீறி வெளிப்படுவது என்றே முதலில் நம்பினார்கள். 1969இல் ஆக்ஸ்போர்டின் ஹென்றி ஹாரிஸும் ஸ்டாக்ஹோமின் ஜார்ஜ் கிளைனும் குழுவினரோடு சேர்ந்து சுண்டெலிச் செல்களை இணைத்துப் பார்த்தபோது, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களைப் பெரிதும் இழக்காத கலப்புகள் கட்டியாகவில்லை என்பதும், சிலவற்றை உதிர்த்தவையே மீண்டும் புற்றாயின என்பதும் தெரியவந்தன. முந்தைய ஆய்வுகளில் கட்டியானவை அப்படி உதிர்த்த செல்களே என்பது ஹாரிஸின் விளக்கம்.

உங்கள் கேள்விக்கு விடை உடலுக்குள் இருக்கிறது. ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்லையும் மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லையும் இணைத்து எரிக் ஸ்டான்பிரிட்ஜ் உருவாக்கிய கலப்புகள், தட்டில் புற்றுச் செல்லின் சாயலோடு வளர்ந்தாலும், எலிக்குள் சில நாள் பிரிந்துவிட்டு நின்றுவிட்டன. மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றோடு ஃபைப்ரோபிளாஸ்ட்டை இணைத்த ஹாரிஸ், அடங்கிய கலப்புகள் எலிக்குள் தம்மைச் சுற்றிக் கொலாஜன் என்ற புரத இழைகளைச் சுரப்பதையும், மீண்டும் புற்றானவை அத்திறனை இழந்துவிடுவதையும் கண்டார். அதாவது, இயல்பான பெற்றோர் செல்லின் வேறுபாடடையும் வழி, அதாவது தனக்குரிய பணியைச் செய்யும் செல்லாக முதிரும் வழி, கலப்பிலும் திறந்திருக்கிறது. அவ்வழியே போய் முதிர்ந்த செல் பிரிவதை விட்டுவிடுகிறது.

மறுமொழி: ஆய்வு மாணவி, மண்டபம்

ஐயா சொல்வது சரியே. ஆனால் வேறுபாடடைவதால் அடங்குகிறதா, அடங்குவதால் வேறுபாடடைகிறதா என்பதை இந்த ஆய்வுகள் மட்டும் தீர்த்துவிடவில்லை என்பதே என் கருத்து. ஹாரிஸ் முதலாவதன் பக்கம் நின்றார். 1986இல் ஸ்டான்பிரிட்ஜ் குழு, மீண்டும் புற்றான கலப்புக்குள் 11ஆம் குரோமோசோம் ஒன்றை மட்டும் செலுத்தியே கட்டி உருவாவதைத் தடுத்தது. தங்கை, நீங்கள் நம் கடலிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்: இரண்டு விந்தணுக்களால் கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளில் குரோமோசோம்கள் ஏறுமாறாகப் பங்கிடப்படுவதைக் கண்ட தியோடர் போவேரி, பிரிவதைத் தடுக்கும் குரோமோசோமை இழந்த செல் புற்றாகலாம் என்று 1914இலேயே எழுதிவிட்டார்.

மறுமொழி: முதுகலை மாணவி, பாம்பன்

நன்றி ஐயா, நன்றி அக்கா. குந்துகால் கரையில் அப்பா வலை உதறிய இடத்தில் முள்ளெலி ஓடு ஒன்று கிடந்தது. மூன்று முட்கள்தான் மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு போவேரியிலிருந்தே தொடங்குகிறேன்.